கடைசி வாரம் இல்லாத பேய்க்கதை

வாடகைக்குப் புத்தகம் விடுகிற தொழிலில் புத்தகம் திரும்பி வருகிறதா என்பது பெரிய கவலை இல்லை. எதையெல்லாம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது என்பதுதான் கவலை. கறிவேப்பிலை வரும். ரிப்பன் வரும். அட்டையில் பால் டம்ளரின் வட்டம் வரும். ஒரு தடவை சரித்திர நாவலின் போர்க்களக் காட்சியில் பொரித்த அப்பளம் பாதி இருந்தது. நீங்களும் வாடகை நூலகம் நடத்தியவராகவோ, நடத்தியவரைக் கட்டிக்கொண்டவராகவோ இருந்தால் இப்போது தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில், எங்கள் வீட்டு முன்னறையில் நாலு மர அலமாரியும் ஒரு மேசையும் போட்டு நூலகம் நடத்தினேன். அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கதைப் புத்தகம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனாலும் பெண் வெளியே வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கிறாளே என்று முன்னறையை விட்டுக்கொடுத்தார். அந்த நூலகத்தில் ஆயிரம் புத்தகம் வந்து போனது. என்னைப் படாத பாடு படுத்தியது ஒன்றே ஒன்றுதான்.

எடைக்கு வாங்கிய பேய்

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, பைண்ட் செய்து வைத்துக்கொள்வது வழக்கம். கடையில் விற்கும் நாவலை விட அதற்குத்தான் கிராக்கி. பழைய பேப்பர் கடையில் ஒருநாள் அப்படி ஒரு கட்டு அகப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகக் கொஞ்ச காலம் வந்து நின்றுபோன ஒரு பத்திரிகையின் தொடர்கதை. பெயர் ‘ஒரு தட்டு மிச்சம்’. மலையடிவாரத்தில் ஒரு பெரிய வீடு. அங்கே ஒவ்வொருவருக்கும் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு உண்டு. ஒருநாள் காலையில் பார்த்தால் ஆட்களை விட ஒரு தட்டு அதிகம் இருக்கிறது. அதில் பேர் இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. யாருடைய தட்டு என்று கேட்டால், அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லையே என்கிறார்கள் எல்லோரும். பதினாலு வயசு வெண்ணிலாவுக்கு மட்டும் ஒரு அண்ணன் சிரித்த சிரிப்பு பாதி ஞாபகத்தில் இருக்கிறது. கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து முகங்கள் அண்ணாந்து பார்க்கின்றன.

கிணற்றுக் கட்டம் வந்ததும் நான் கட்டை மூடிவிட்டேன். நான் அம்புட்டு தைரியசாலி. மீதியைப் பைண்ட் ஆகி வந்த பிறகு, நல்ல வெயிலில், வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது படித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு வாரம் போட்டு வைத்திருந்தேன். பைண்டரிடம் போகவே எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அப்பாதான் ஒருநாள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கட்டை வாங்கிய அன்று, இவ்வளவு நல்ல சரக்கை எடைக்குக் கொடுக்கிறாரே என்று பழைய பேப்பர்க்காரரிடம் ஆச்சரியப்பட்டதற்கு, அவர் தராசில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பேய்க்கதை என்னம்மா, சாமி கதை என்னம்மா, தட்டுல ஏத்திட்டா எல்லாம் பேப்பர்தான்.”

பாகற்காய் நறுக்கியவர்

பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைப்பதில் ஒரு தொல்லை உண்டு. முன்பக்கம் நம் கதை இருக்கும். பின்பக்கம் ஜோதிடமோ ஜோக்கோ சமையல் குறிப்போ இருக்கும். வாசகர்கள் பழகிப்போய் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எதிர்வீட்டு சரோஜா அக்காவால் தாண்ட முடியவில்லை. பைண்ட் ஆகி வந்ததும் முதலில் எடுத்துப் போனவர் அவர்தான். பத்தாவது படிக்கும் மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கிப் போனார். மகள் பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில் அருவாமனைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் புத்தகத்தோடு ஒரு கிண்ணம் பாகற்காய்ப் பொரியலும் வந்தது. முகம் வெளுத்துப்போய் இருந்தது. என்னக்கா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அந்தப் புள்ள கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குது, பக்கத்தைத் திருப்புறேன், ‘பாகற்காயை வட்டமாக நறுக்கிக்கொள்ளவும்’னு போட்டிருக்கு. நெசமாச் சொல்றேன் செல்வி, இருந்த பயத்துல எந்திரிச்சுப் போயி வாங்கியாந்து நறுக்கிட்டேன்.”

தும்மல்

கடைசி வாரம் இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் சரோஜா அக்காதான். வெண்ணிலா அந்த மிச்சத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைக்கிறாள். ‘இந்த வீட்டு ஆளைக் கிணற்றுக்குக் கொடுத்தது யார்?’ என்று கேட்கிறாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ‘அடுத்த வாரம் முடியும்’ என்று போட்டிருக்கிறது. அதற்கப்புறம் பைண்டரின் காலி வெள்ளைத்தாள்தான்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக ரஹ்மத் பாயிடம் போனேன். திண்டுக்கல்லில் பாதி நூலகங்களுக்கு அவர்தான் பைண்டர். பாய் தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். வந்த பக்கம் எல்லாம் இருக்கிறது, வராத பக்கத்துக்கு நான் எங்கே போவேன் என்றார். நான் நம்பவில்லை. தொழிலில் தப்பு நடந்தால் பைண்டரைச் சொல்வதுதானே நம் வழக்கம். வருத்தமாகத்தான் பேசினார்: “பசையில பூச்சி வரக்கூடாதுன்னு மயில்துத்தம் போட்டுக் காச்சுறவன்மா நான், பக்கத்தைத் தொலைப்பேனா? ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்க கட்டு பூரா மூக்குப்பொடி. தும்மித் தும்மித்தான் தச்சேன்.”

பழைய பேப்பர்க்காரர் பொடி போடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ரசச் சட்டியின் மூடி

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு அக்கா, கமலா. பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரை, வேறு சாதிக்காரரை, ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு சாணார்பட்டிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார். யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் கண் சிமிட்டாமல் “ஒரு பொண்ணு” என்பார். எனக்கு அந்தச் சமயத்தில் எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருக்கும்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அக்கா பத்தாவது பாஸானபோது அப்பாவே பாத்திரக் கடையில் நின்று ‘R. கமலா’ என்று பேர் வெட்டி வாங்கிவந்த தட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து ரசச் சட்டிக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். பேர் இருக்கிற பக்கம் தினமும் அப்பா உட்காரும் பக்கமாகவே இருக்கும். தற்செயலாக அப்படி இருக்கிறது என்று அம்மா என்னிடம் சத்தியம் செய்திருக்கிறாள்.

அப்போது அக்காவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புப் போட வேண்டும், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் எதுவும் நடக்காது. அவரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. நான் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி ஒருநாள் இந்தப் புத்தகத்தையும் கொடுத்தேன். மாசமாக இருக்கிறவளுக்குப் பேய்க்கதை கொடுக்கிறோமே என்று கொடுத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் வந்தவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். வளைகாப்பைப் பற்றிக் கேட்பாள் என்று நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது இதுதான்: “கடைசி வாரம் எங்கடி? அந்த அண்ணனை அவங்க வீட்ல திரும்பச் சேத்துக்கிட்டாங்களா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல.”

பயப்படாத குடும்பம்

பேகம்பூர் ஜைனம்பு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அத்தாவுக்குத் தோல் மண்டி. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாய்விட்டுப் படிக்க வீடே உட்கார்ந்து கேட்கும். சித்தப்பா பிள்ளைகளோடு சேர்த்துப் பெரிய கூட்டம். மற்ற வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டால் பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போக மறுக்கும். இவர்கள் வீட்டில் ஒருவரும் அசரவில்லை என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் நூலகத்திலேயே பயங்கரமான புத்தகம் அது. எழுதியவரின் சார்பில் சண்டைக்கே போய்விட்டேன். ராத்திரி ஒரு தட்டு மிச்சமாக இருந்தால் உங்கள் வீட்டில் யாருக்கும் முதுகு சில்லிடாதா என்று கேட்டேன். ஜைனம்பு துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினாள்: “எங்க வீட்ல விசேஷம்னா நாலு பேருக்கு ஒரு சஹன்க்கா, ஒரே தட்டுல சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். எவனாச்சும் காணாமப் போனா தட்டு மிச்சமாகாது, கறிதான் மிச்சமாகும். அதுவும் எங்க சின்ன மாமு இருக்கையில ஆகாது.”

பகல் காவல்

நான் மத்தியானம் சாப்பிட உள்ளே போகும் செத்த நேரம் அப்பா மேசையில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களிடம் “உள்ள சாப்பிடுது, வரும்” என்பதோடு சரி. புத்தகத்தைத் தொடமாட்டார். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் ‘ஒரு தட்டு மிச்சம்’ அலமாரியில் தலைகீழாக நின்றது. எடுத்துப் பிரித்தால், வெண்ணிலா வழவழப்பான தட்டில் விரலை ஓட்டிப் பேரைத் தேடும் பக்கத்தில் அப்பா போடுகிற மூக்குப்பொடி சிந்தியிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதைப் புத்தகம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று தெருவுக்கே உபதேசம் செய்கிற மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேய்க்கதையைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு நாளா சோத்துத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சரியா வெளக்கலையாக்கும்னு கேட்டேன். ‘பேரு நல்லாத்தான இருக்கு, அழியலையே’ன்னாரு. என்னமோ போ.”

ஒட்டன்சத்திரம் முடிவு

கடைசி வாரம் இல்லாததால் அந்தப் புத்தகத்துக்கு ஊரில் ஏகப்பட்ட முடிவுகள் உண்டாகின. சரோஜா அக்கா வீட்டு முடிவில், கதையில் வரும் சமையல்காரிதான் சூனியக்காரி. ஜைனம்புவின் சின்ன மாமு, கிணற்றை மூடிவிட்டு போர் போட்டிருக்கலாம் என்றார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் வாரம் ஒருமுறை திண்டுக்கல் வந்து, மகளுக்கென்று புத்தகம் எடுத்துக்கொண்டு போவார். இந்தப் புத்தகத்தை மகள் தொடுவதற்குள் அவரே முடித்துவிட்டார். திருப்பிக் கொடுக்கும்போது எனக்கே பாடம் நடத்தினார்: “கெணறுமில்லீங் பேயுமில்லீங் அம்மிணி. அந்தப் பையன் ஊட்ல கோவிச்சுக்கிட்டு கேரளாவுக்கு லாரி ஏறியிருப்பானுங்க. என்ற மண்டியில மூட்டை தூக்கறவங்கள்ல பாதிப் பேரு ஊட்டுக்கு இல்லாதவங்கதானுங்க.”

சொல்லிவிட்டுப் போனவர் சும்மா இருக்கவில்லை. தக்காளிப் பெட்டிக்குள் விரிப்பதற்காக மண்டிக்குப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். லோடுமேன்களிடம் சொல்லிவைத்து, அந்தப் பத்திரிகைப் பேர் போட்ட தாள் எதைப் பார்த்தாலும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார். தக்காளி விலை இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஆட்கள் பெட்டியை நிரப்பாமல் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒருநாள் காலையில் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். தக்காளிச் சாறு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மேலே ‘நிறைவுப் பகுதி’ என்று போட்டிருந்தது. முடிவு என்ன, நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டேன். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை: “நானு நெனச்சது தப்புங்க அம்மிணி. படிங்க, படிச்சுப்போட்டு உங்கப்பாருகிட்ட மட்டும் காட்டிப்போடாதீங்க.”

எங்கள் வீட்டு விஷயம் ஒட்டன்சத்திரம் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

நிறைவுப் பகுதி

வெயிலில், வாசலில் ஆள் நடமாட்டத்தோடுதான் படித்தேன். அந்தக் கிணறு தானாக யாரையும் எடுப்பதில்லை. வீட்டுப் பெரியவரே யாரையாவது காட்டி ‘இப்படி யாரும் எனக்கு இல்லை’ என்று சொன்னால்தான் எடுக்கும். சொன்னது வெண்ணிலாவின் அப்பா. சொன்ன பிறகு அவரும்தான் மறந்துபோனார், ஆனால் எதை மறந்தோம் என்று தெரியாமல் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். பையனை மீட்க வேண்டுமானால் அவரே தன் வாயால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் கிணற்றுக்குக் கேட்காது. நான் அழுதுவிட்டேன். புத்தகம் மாற்ற வந்த ஒருவர் திரும்பிப் போய்விட்டார்.

பழனிச்சாமி அண்ணன் சொன்னதை மீறி, தாள்களோடு உள்ளே போனேன். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். கடைசி வாரம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்த அப்பன்தான் இல்லைன்னு சொன்னான். அவனேதான் கூப்பிடணும்” என்றார். அந்தத் தாள் என் கையைவிட்டு இன்னும் போகவில்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டு வீட்டில் கிடந்த அந்த ஒரு வாரம், அவராகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு பைண்டரிடம் போனது, பாயின் தும்மல், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. “கிழிச்ச தாளு என் பொட்டியில இருக்கு. பாய்கிட்டப் போயி அவர் மேல தப்பில்லைன்னு சொல்லிரு” என்றார்.

அம்மா ரசச் சட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியை எடுத்தாள். எப்போதும் தரையில் வைப்பாள். அன்றைக்கு அப்பா கையை நீட்டி வாங்கினார். ஆவித் தண்ணீரை வேட்டியில் துடைத்தார், பேர் மேல் விரலை ஓட்டினார், தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரசம் ஊற்றச் சொல்லவில்லை. சாணார்பட்டிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். கையைக் கழுவிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டை வயர் கூடையில் வைத்துக் கிளம்பிவிட்டார். அக்கா இருப்பது எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோமே தவிர, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பஸ் கிளம்பும் நேரம் தாண்டிய பிறகுதான் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். அப்பா முன்னால், அத்தான் கூச்சத்தோடு பின்னால், நடுவில் அக்கா வயிற்றுக்கு மேல் வயர் கூடையை அணைத்துக்கொண்டு. அம்மா வளையலுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டு அடையாளம் தெரியாமல் அப்பா எப்படிக் கண்டுபிடித்தார் என்று அக்காவை உள்ளே இழுத்துக் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது: “எங்கடி கண்டுபிடிச்சாரு? பஸ்ஸ விட்டு எறங்குன எடத்துல இருந்து ஒவ்வொரு தெருவா ‘கமலா, கமலா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்திருக்காரு. ஊர்ல இருக்குற கமலா அம்புட்டுப் பேரும் வெளிய வந்து நின்னுட்டாளுக.”

இப்போதும் யாராவது என் புத்தகத்தில் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை ஆள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் திட்டுகிறேன்.